மெழுகும் கறளும்

இறுப்பிட்டிக்குக் கைலாசநாதனின் கார் வந்து சேர்ந்தது 1964ஆம் ஆண்டு சித்திரை மாதத்தில். கருநீல நிற ஒஸ்ரின். வேலணையிலிருந்து கடலைக் குறுக்கறுத்து வரும் பாலத்தால் அவரே அதை ஓட்டிக்கொண்டு வந்தார். வீட்டு வாசலில் நிறுத்தி, ஹோர்னை ஒருமுறை அடித்துவிட்டு, இறங்காமலே இருந்தார். மனைவி சௌந்தரநாயகி வெளியே வந்து பார்க்கட்டும் என்று.

அவருக்குக் காலிப் பக்கத்தில் ஒரு சின்னப் பட்டினத்தில் புடவைக்கடை. வருடத்தில் மூன்று தரம் ஊருக்கு வருவார்: பொங்கலுக்கு, வருடப்பிறப்புக்கு, நயினாதீவு அம்மன் கொடியேற்றத்துக்கு. மற்ற நாளெல்லாம் கடையோடுதான் வாழ்க்கை. அப்படியிருக்க, கார் ஏன் ஊரில் நிற்கவேண்டும் என்று கேட்டவர்களுக்கு அவர் ஒரு பதில் வைத்திருந்தார். கடை வாசலில் கார் நின்றால் வரிக்கந்தோர்க்காரர் வந்து பார்ப்பார்கள். வீட்டு வாசலில் நின்றால் ஊரார் வந்து பார்ப்பார்கள். பார்க்கவேண்டியவர்கள் ஊரார்தான்.

ஊரார் பார்த்தார்கள். பார்த்துவிட்டுப் போனார்கள். அதற்குப் பிறகு அதைப் பார்த்துக்கொண்டு இருக்கவேண்டிய வேலை சௌந்தரநாயகிக்கு வந்தது.

"இஞ்சாரும்," என்றார் கைலாசநாதன், கடைக்குத் திரும்புகிற அன்று காலை. "இது உப்புக்காத்து அடிக்கிற ஊர். கிழமைக்கொருக்காக் கழுவவேணும். மாதத்துக்கொருக்கா மெழுகு பூசவேணும். நான் வரேக்கை இதிலை என்ரை முகம் தெரியவேணும்."

"ஆரும் ஒரு ஆளை ஒழுங்குபண்ணுங்கோவன்."

"கூலிக்கு வாறவன் மண்ணோடை சேர்த்துத் தேய்ச்சுப்போடுவான். உம்மடை கை மெல்லிசு."

கலியாணம் கட்டி எட்டு வருடமாகியும் அவர் அவளுடைய கையைப் பற்றி ஒரு சொல் சொன்னதில்லை. சொன்னது காருக்காக என்று தெரிந்தும், அன்று பகல் முழுதும் அவளுக்கு ஒரு சந்தோசம் இருந்தது. பிற்காலத்தில் அந்தச் சந்தோசத்தை நினைத்தால்தான் அவளுக்கு எல்லாவற்றையும்விட வெட்கமாக இருக்கும்.

தொடக்கத்தில் அவளுக்கு ஒன்றும் தெரியாது. உடுப்புத் தோய்க்கிற கட்டிச் சவர்க்காரத்தைக் கரைத்துக் கழுவினாள். அழுக்குப் போனது, அதோடு அவர் பூசிவிட்டுப் போன மெழுகும் போனது. காரின் மேல் மோர் தெளித்தது போல ஒரு வெள்ளைப் படலம் மிஞ்சியது. பிறகு தேங்காய்த்தும்பால் தேய்த்தாள். காலை வெய்யிலில் பார்த்தபோது முன்மூடியான பொனற் முழுவதும் மயிர்க்கோடுகள். கொடியேற்றத்துக்கு வந்த கைலாசநாதன் அதைப் பார்த்துவிட்டுத்தான் செருப்பையே கழற்றினார்.

"பூனை பிறாண்டின மாதிரிக் கிடக்குது. பிள்ளை வளக்கிற பொம்பிளைக்கு இதுகூடத் தெரியாதோ?"

பிள்ளை லலிதாம்பிகை அப்போது தாயின் சீலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள். அவளை அவர் பிறகுதான் தூக்கினார்.

சௌந்தரநாயகி பிழைவிட்டுப் பிழைவிட்டுக் கற்றுக்கொண்டாள். சீயாக்காய் தலைக்கு நல்லது. காருக்குக் கூடாது, அதில் உள்ள தூள் கீறும். குழந்தைகளுக்குப் போடுகிற மென்சவர்க்காரத்தைச் சீவி இளஞ்சூட்டுத் தண்ணீரில் கரைத்தால் நிறம் மங்காது. வெய்யில் ஏறுவதற்கு முன் கழுவவேண்டும்; இல்லாவிட்டால் நுரை காய்ந்து தேமல் விழும். சவர்க்காரத்துக்கு ஒரு வாளி, துணி அலச வேறொரு வாளி. துடைக்கத் துவாய் ஆகாது. பலமுறை தோய்த்து நைந்த பருத்தி வேட்டிதான் நல்லது. குத்துவிளக்கு மினுக்குகிற மருந்தைப் பம்பரின் நிக்கலில் பூசலாம், நிறத்தில் பட்டால் தின்றுவிடும்.

மெழுகு விஷயத்தில்தான் அதிகம் பட்டாள். அவர் தகர ரின்னில் கொண்டுவந்த மெழுகு முடிந்தபோது, ஊர்காவற்றுறையில் கடை வைத்திருந்த பரமலிங்கத்திடம் போனாள். அவன் மேல்தட்டிலிருந்து கடதாசி கிழிந்த ரின் ஒன்றை எடுத்துத் தூசு தட்டினான்.

"இது காருக்குப் பூசிறதோ அண்ணை?"

"மெழுகு எண்டால் எல்லாம் மெழுகுதானே தங்கச்சி. நம்பிக் கொண்டுபோங்கோ."

அது சீமெந்து நிலத்துக்குப் பூசுகிற சிவப்பு மெழுகு. ரின்னைத் திறந்தபோது நிறம் அவளுக்கு ஒரு மாதிரித்தான் இருந்தது. ஆனால் கடைக்காரன் சொன்னானே என்று பூசிவிட்டாள். அன்று சோளகக் காற்று. தெருவில் பறந்த மணலெல்லாம் வந்து காரில் ஒட்டிக்கொண்டது. மண்ணெண்ணெயில் துணி தோய்த்து அதைக் கழற்றி எடுப்பதற்குள் அவளுக்கு முதுகு முறிந்துவிட்டது. அதற்குப் பிறகு யாழ்ப்பாணப் பட்டினத்துக்கே போய், மஞ்சள் மெழுகு உள்ள தட்டை ரின்னைத் திறந்து, மணந்து, விரல் நுனியில் தொட்டுப் பார்த்துத்தான் வாங்குவாள். கொஞ்சமாக எடுத்து வட்டம் வட்டமாகப் பூசி, அது பனிப்புகார் படிந்தது போல் வெளுத்ததும் துடைத்தால், கார் கறுத்த கண்ணாடியாகிவிடும்.

ஆனால் எந்தச் சவர்க்காரமும் எந்த மெழுகும் தண்ணீருக்கு ஈடாகாது. வீட்டு வளவுக் கிணற்றில் உவர்த் தண்ணீர். அதில் கழுவினால் காய்ந்த இடமெல்லாம் உப்புப் பூக்கும். ஆகவே கடைசி அலசலுக்குக் கோயிலடி நல்ல தண்ணீர்க் கிணற்றிலிருந்து குடத்தில் சுமந்துவந்தாள். அந்தக் கிணற்றை நம்பித்தான் அயலில் இருந்த எல்லா வீட்டு அடுப்பும் எரிந்தது. மழை பொய்த்த வருடங்களில் பெண்கள் அங்கே ஊறுகிற தண்ணீரைக் காத்திருந்து முறை வைத்து அள்ளுவார்கள்.

"உன்ரை காருக்குத் தாகம் தீந்துதோ பிள்ளை?" என்பாள் பக்கத்து வளவுச் சின்னாச்சி, குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு. சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். மற்றவர்களும் சிரிப்பார்கள். சிரிப்புக்குள் இருந்த முள் எல்லோருக்கும் தெரியும்.

அது என்னுடைய கார் இல்லை என்று சொல்லச் சௌந்தரநாயகிக்கு வாய் வரும். சொன்னால் யார் நம்புவார்கள்? அவர் ஊரில் நிற்கிற நாளில், நயினாதீவுக்குப் படகெடுக்கக் குறிகாட்டுவான் துறை வரைக்கும் அதில் போயிருக்கிறாள். பின் இருக்கையில், சீலை பட்டு இருக்கை கசங்காமல் துவாய் விரித்து. அவர் போகும்போது கதவுகளைப் பூட்டி, பூட்டின திறப்பையும் சட்டைப்பைக்குள் போட்டுக் கொண்டுபோய்விடுவார். உள்ளே தூசு படியாது என்பார். வெளிப்புறம் மட்டும்தான் அவளுடைய பொறுப்பு.

"ஒரு அவசரம் எண்டால் திறப்பு இஞ்சை இருக்கிறது நல்லதெல்லோ?" என்று ஒருமுறை கேட்டுப் பார்த்தாள்.

"என்ன அவசரம்? நீரே ஓடப்போறீர்?" என்றார். அதோடு பேச்சு முடிந்தது.

1971ஆம் ஆண்டு ஆவணி மாதம். நிலம் வெடித்துக் கிடந்தது. ஒரு முற்பகலில் சௌந்தரநாயகி குசினிக்குள் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். சின்னாச்சி படலையைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தாள். பின்னால் விநாயகமூர்த்தி. அவன் பஸ் ஓட்டுபவன்; அன்று அவனுக்கு ஓய்வுநாள்.

"பிள்ளை, இராசேஸ்வரிக்கு வலி கண்டிட்டுது. குழந்தை திரும்பிக் கிடக்குதாம், இரத்தம் போகுது. மருத்துவிச்சி கையை விரிச்சிட்டா. ஊர்காவற்றுறை ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோகவேணும். காரைத் தா."

இராசேஸ்வரி சின்னாச்சியின் ஒரே மகள். அவளுக்கு இது தலைப்பிள்ளை.

"திறப்பைத் தாங்கோ அக்கா, நான் ஓடுறன்," என்றான் விநாயகமூர்த்தி.

"திறப்பு என்னட்டை இல்லை. அவர் கொண்டுபோட்டார்."

சின்னாச்சி அவளை ஏறிட்டுப் பார்த்தாள். "உதென்ன கதை? கிழமைக்குக் கிழமை தேய்ச்சு மினுக்கிறாய். திறப்பில்லாமலோ?"

"சத்தியமா அக்கா. நான் வெளியாலைதான் மினுக்கிறனான்."

விநாயகமூர்த்தி கார் நின்ற கொட்டிலுக்குள் போய்க் கதவை இழுத்துப் பார்த்தான். பிறகு கீழே கிடந்த ஒரு கல்லைத் தூக்கினான். "பரவாயில்லை. சின்னக் கண்ணாடியை உடைச்சுக் கதவைத் திறக்கிறன். வயரைத் தொடுத்து எடுக்கலாம். நாலு பேர் தள்ளினால் காணும். உடைக்கட்டோ அக்கா?"

சௌந்தரநாயகிக்கு அந்த நேரம் இராசேஸ்வரியின் முகம் வரவில்லை. பொங்கலுக்கு வந்து, செருப்பைக் கழற்றாமல், உடைந்த கண்ணாடி முன் நிற்கிற மனிதரின் முகம்தான் வந்தது.

"ஐயோ, உடைக்காதை தம்பி. அவர் என்னைக் கொல்லுவார்."

அவன் கல்லைக் கையில் வைத்துக்கொண்டே சின்னாச்சியைப் பார்த்தான்.  சின்னாச்சி கருநீலப் பொனற்றில் தெரிந்த தன் உருவத்தை ஒருதரம் பார்த்தாள். பிறகு திரும்பி நடந்தாள். விநாயகமூர்த்தி கல்லைப் போட்டுவிட்டு அவள் பின்னால் ஓடினான்.

சௌந்தரநாயகி அப்படியே நின்றாள். எவ்வளவு நேரம் என்று அவளுக்கே தெரியாது. பிறகு ஏதோ அறைந்தது போல் விழித்து, தலைவிரிகோலமாக வேலிப் பொட்டுக்குள்ளால் அடுத்த வளவுக்குப் பாய்ந்து ஓடினாள். "உடையுங்கோ! வந்து உடையுங்கோ!" சின்னாச்சி வீட்டு முற்றத்தில் யாரும் இல்லை. இராசேஸ்வரியை மாட்டுவண்டிலில் ஏற்றிக்கொண்டு போய்விட்டிருந்தார்கள். வண்டிலின் சத்தம் மட்டும் தெருவில் ஏறும் ஒழுங்கை முடிவில் கேட்டது. அவளுடைய குரல் அவ்வளவு தூரம் போகவில்லை.

வேலணையில் ஒரு லொறிக்காரன் மனமிரங்கி ஏற்றிக்கொண்டு போனானாம். ஆசுப்பத்திரியில் இராசேஸ்வரியைக் காப்பாற்றினார்கள். குழந்தை வழியிலேயே போய்விட்டது. ஆண்பிள்ளை. இனி அவளுக்குப் பிள்ளை தங்காது என்று சொல்லி அனுப்பினார்கள்.

ஊரில் யாரும் சௌந்தரநாயகியைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவள் தாங்கியிருப்பாள். அவள் கிணற்றடிக்குப் போனால் பேச்சு நின்றுவிடும். முறைக்கு நின்றவர்கள் விலகி, "நீ அள்ளு" என்று வழி விடுவார்கள். அவள் அள்ளும்வரை எல்லோரும் வாய்மூடி நிற்பார்கள்.

பொங்கலுக்குக் கைலாசநாதன் வந்தார். வழக்கம் போல சக்கரத்தை மூடும் மட்காட்டின் மேல் விரலை ஓட்டிப் பார்த்தார். திருப்தி. சாப்பாடு போட்டுவிட்டு, அவள் நடந்ததெல்லாம் சொன்னாள்.  சின்னாச்சியின் பெயரைச் சொல்லி, கல்லைச் சொல்லி, தான் வேண்டாம் என்றதைச் சொல்லி, அழுதாள். திறப்பு வீட்டில் இருந்திருந்தால் ஒரு உயிர் தப்பியிருக்கும் என்றாள்.

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார். முடிவில் தலையை ஆட்டினார்.

"நல்ல காலம் உடைக்க விடேல்லை. அந்தக் கண்ணாடி இப்ப நாட்டிலை எடுக்க ஏலாது. நீர் கெட்டிக்காரி."

பிறகு கைகழுவிவிட்டு வந்து, பெட்டியைத் திறந்து, துணியில் சுற்றிய புது மெழுகு ரின் ஒன்றை அவளிடம் நீட்டினார். "கப்பலிலை வாறதெல்லாம் நிப்பாட்டிப்போட்டாங்கள். இதுதான் கடைசி. அளவாப் பூசும்."

அவள் வாங்கிக்கொண்டாள்.

அதன் பிறகு நடந்ததை அவள் திட்டம்போட்டுத் தொடங்கவில்லை. கிணற்றடியில் சின்னாச்சியின் முதுகைப் பார்க்க முடியாமல்தான், அடுத்த கிழமை வளவுக் கிணற்று உவர்த் தண்ணீரிலேயே காரைக் கழுவினாள். மேல்பக்கத்தை ஈரம் போகத் துடைத்து, உப்புப் பூக்குமுன் மெழுகைப் பூசினாள். பளபளப்பில் ஒரு குறைவும் இல்லை. கீழே, கதவுகளின் அடிப் பொருத்திலும் மட்காட்டின் உட்புறத்திலும் தங்கிய தண்ணீரைத் துடைக்கவில்லை. அவர் ஒருநாளும் குனிந்து பார்த்ததில்லை.

சில மாதங்கள் கழித்து, கதவின் அடியில் ஒரு தவிட்டு நிறத் துளி தொங்குவதைக் கண்டாள். விரலால் தொட்டாள். கறள், இரும்பு துருப்பிடிக்கத் தொடங்கியிருந்தது. நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று இலேசானது. அந்த இடத்தில் மெழுகைத் தடிப்பாகப் பூசி, மேலே துணியால் தேய்த்து, வெளிக்குத் தெரியாமல் ஆக்கினாள். அன்றுதான் அவள் தெரிந்தே செய்யத் தொடங்கினாள்.

அவர் தந்த ரின் முடிந்தபோது, உடைந்த மெழுகுதிரிகளை உருக்கி, அதில் மண்ணெண்ணெயும் கொஞ்சம் தேங்காய் எண்ணெயும் கலந்து தானே ஒன்று செய்தாள். எண்ணெய் கூடினால் எறும்பு மொய்க்கும், மண்ணெண்ணெய் கூடினால் பிடிக்காது, அளவைக் கண்டுபிடித்துக்கொண்டாள். நிறத்துக்கு மெழுகு, அடிக்கு உப்புத் தண்ணீர். கழுவுகிற நாளில் முதல் வாளி அடிப்பக்கத்துக்குத்தான். வருடம் மூன்று தரம் அவர் வந்தார், விரலை ஓட்டினார், காரை ஓட்டிப் பார்த்தார், திறப்போடு போனார். ஏதோ அடியில் ஆடுகிறது என்று ஒருமுறை சொன்னார். தெரு பழுது என்று தானே காரணமும் சொல்லிக்கொண்டார்.

1977ஆம் ஆண்டு ஆவணியில் தெற்கில் கலவரம். கடையைக் கொள்ளையடித்துவிட்டுக் கொளுத்தினார்கள். கைலாசநாதன் பக்கத்து வீட்டுச் சிங்களக் குடும்பத்தின் அறைக்குள் ஒளித்திருந்து, பிறகு அகதிகளோடு கப்பலில் ஏறிக் காங்கேசன்துறையில் இறங்கினார். வீட்டுக்கு வந்தபோது மேலில் இருந்தது யாரோ கொடுத்த சேட்டு, மடியில் காரின் திறப்பு. தாடி நரைத்திருந்தது. சௌந்தரநாயகி ஓடிப்போய்ப் படலையைத் திறந்தாள். அவர் அவளைக் கடந்து கொட்டிலுக்குள் போனார். பொனற்றில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு நின்றார்.

"இது ஒண்டாவது மிஞ்சிச்சுது," என்றார். குரல் உடைந்தது.

அவர் அழுது அவள் பார்த்ததில்லை. அவளுடைய கண் கதவின் அடிப்பக்கம் போனது.

லலிதாம்பிகைக்கு அப்போது பத்தொன்பது வயது. வேலணைத் தபாற்கந்தோரில் வேலை செய்கிற ஒரு பையனுக்கு அவளைக் கேட்டு, எல்லாம் பேசி முடிந்திருந்தது. கடை போன பிறகு சீதனத்துக்கு வழியில்லை. காரை விற்றுக் கலியாணத்தை ஒப்பேற்றிவிட்டு, மிச்சத்தில் சின்னக் கடை ஒன்று போடலாம் என்று கைலாசநாதன் நாளும் பொழுதும் கதைத்தார். புதுக்கார்கள் நாட்டுக்குள் வராமல் கிடந்த காலம் அது. பழைய காருக்கு நல்ல விலை. அவர் கதைக்கக் கதைக்கச் சௌந்தரநாயகி அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லிவிடலாமா என்று பலமுறை வாய் திறந்தாள். எப்படித் தொடங்குவது?

வாடகைக் கார் ஓட்டுகிற பரராசசிங்கம் பார்க்க வந்தார். கொட்டிலுக்குள் நுழைந்ததும் நின்றுவிட்டார்.

"அட, இவ்வளவு மினுக்கத்தோடை ஒரு ஒஸ்ரினை நான் பாத்ததில்லை அண்ணை."

"என்ரை மனிசியின்ரை கைவேலை," என்றார் கைலாசநாதன். நெடுநாளைக்குப் பிறகு அவருடைய முதுகு நிமிர்ந்தது.

பரராசசிங்கம் தொழில் தெரிந்த மனிதர். பொனற்றைத் தடவிவிட்டுக் குந்தியிருந்தார். கதவின் அடியில் பெருவிரலை வைத்து அழுத்தினார். பிஸ்கற் போல உதிர்ந்தது. முகம் மாறியது. கதவைத் திறந்து, கால்மிதியைத் தூக்கி, காலை மெல்ல ஊன்றினார். கால் உள்ளே போனது. ஓட்டைக்குள்ளால் கொட்டில் மணல் வெள்ளையாகத் தெரிந்தது.

"அண்ணை," என்றார், குரலைத் தாழ்த்திக்கொண்டு, "மேலைதான் கார் நிக்குது. கீழை ஒண்டுமில்லை."

கைலாசநாதன் நம்பவில்லை. தானே குனிந்தார். முழங்கால் மண்ணில் பட, தலையை அடியில் விட்டுப் பார்த்தார். எழும்பும்போது தலைமயிரெல்லாம் கறள் தூள்.

"உப்புக்காத்து," என்றார், தூளைத் தட்டிவிடாமலே. "கடலடியிலை வைச்சிருந்தது பிழை. உப்புத் தின்னிட்டுது."

"ஓம்," என்றாள் சௌந்தரநாயகி. "உப்புத்தான்."

காரைக் கழற்றித் துண்டு துண்டாக விற்றார்கள். சக்கரத்தையும் இயந்திரத்தையும் பரராசசிங்கம் எடுத்தார். மிஞ்சிய வெற்றுக் கூட்டைப் பழைய இரும்புக்காரன் லொறியில் ஏற்றிக்கொண்டு போனான். வந்த காசு எந்த மூலைக்கும் காணாது. வேலணை மாப்பிள்ளை பகுதியார் ஒரு மாதம் பொறுத்தார்கள். பிறகு வேறிடத்தில் செய்துகொண்டார்கள். அந்தச் செய்தி வந்த அன்று, லலிதாம்பிகை குசினி வாசலில் வந்து நின்றாள்.

"அம்மா, ஒண்டு கேக்கட்டோ? நான் சின்னனிலை இருக்கேக்கை நீங்கள் கோயிலடியிலை இருந்துதானே தண்ணி சுமந்தனீங்கள். பிறகு ஏன் எங்கடை கிணத்திலை அள்ளிக் கழுவினனீங்கள்?"

சௌந்தரநாயகி திரும்பிப் பார்க்கவில்லை.

"கோயிலடிக்குப் போக ஏலாமல் இருந்துது பிள்ளை."

"மேலைக்கு ஏன் உடனை துடைச்சனீங்கள்? அடியை ஏன் துடைக்கேல்லை? நான் பாத்துக்கொண்டுதான் இருந்தனான்."

பதில் இருந்தது. சின்னாச்சி, இராசேஸ்வரி, அந்தக் கல், 'நீர் கெட்டிக்காரி' என்ற சொல். ஆனால் அதையெல்லாம் இந்தப் பிள்ளைக்கு முன் வைத்தால், இவள் இழந்ததற்கு அது விலையாகுமா? அவள் குனிந்து அடுப்பை ஊதினாள். லலிதாம்பிகை சற்று நின்றுவிட்டு உள்ளே போனாள். அன்றிலிருந்து தாயோடு தேவைக்கு மட்டும் கதைத்தாள்.

கைலாசநாதன் யாழ்ப்பாணத்தில் ஒருவருடைய கடையில் துணி அளந்து கொடுக்கிற வேலைக்குச் சேர்ந்தார். மூச்சிளைப்பு வந்து இரண்டு வருடத்தில் அதையும் விட்டுவிட்டு வீட்டோடு இருந்தார். வந்தவர் போனவரிடமெல்லாம் மனைவியைப் புகழ்வார். "பாவி மனிசி, தன்ரை கை தேயத் தேய அந்தக் காரைப் பாத்தவள். விதி விடேல்லை." அவள் தேத்தண்ணீரை வைத்துவிட்டு விலகிப் போய்விடுவாள். வந்தவர்கள் அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

1981இல் லலிதாம்பிகைக்கு மன்னார்ப் பக்கம் ஆசிரியர் வேலை கிடைத்தது. கலியாணப் பேச்சு எதையும் அவள் எடுக்க விடவில்லை. போகிற அன்று காலை, பஸ் வரும்வரை தாயும் மகளும் மடத்துவெளிச் சந்தியில் நின்றார்கள். பஸ் தெரிந்ததும் மகள் பெட்டியைத் தூக்கினாள்.

"பொங்கலுக்கு வருவியோ பிள்ளை?"

"இல்லை அம்மா. காசு அனுப்புவன்."

பஸ் போன பிறகு சௌந்தரநாயகி வீட்டுக்கு நடந்தாள். கைலாசநாதன் கதிரையில் இருந்து இளைத்துக்கொண்டிருந்தார்.

"பிள்ளை என்ன சொன்னவள்?"

"உங்களைக் கவனமாய் இருக்கச் சொன்னவள்," என்று சொல்லிவிட்டு, உலை வைக்கப் போனாள்.